திரும்பி வராத விமானங்களின் கணக்கு

1950ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் ஏர் இந்தியா விமானம் ஒன்று நீலகிரி மலையின் வடபகுதியில், கோத்தகிரிப் பக்கத்தவர் நன்கறிந்த ரங்கசாமித் தூண் என்னும் நெடும்பாறைக்கு அருகே மோதி நொறுங்கியது. இறந்தவர்களுள் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆப்ரகாம் வால்டும் அவருடைய மனைவியும் இருந்தனர். இந்திய அரசின் அழைப்பை ஏற்றுச் சொற்பொழிவுப் பயணமாக வந்தவர் வால்ட். அப்போது அவருக்கு வயது 48. புள்ளியியல் துறையினர் இன்றும் பயன்படுத்தும் சில அடிப்படைக் கருவிகளை உருவாக்கியவர் என்று பாடநூல்கள் அவரைச் சொல்லும். துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கோ அவர் ஒரு கதையின் நாயகர். இரண்டாம் உலகப்போரின் வானத்தைப் பற்றி இன்று மிக அதிகமாகச் சொல்லப்படும் கதை அதுவாகத்தான் இருக்கும்.

கதை இவ்வளவுதான். குண்டு வீசப் போன விமானங்கள் உடலெங்கும் துளைகளோடு திரும்பி வருகின்றன. துளைகள் இறக்கையிலும் உடற்பகுதியிலும் மிகுதி, எஞ்சினில் குறைவு. துளை மிகுந்த இடங்களில் கவசத் தகடு பொருத்தலாம் என்று படைத்தளபதிகள் முடிவு செய்கிறார்கள். வால்ட் மறுக்கிறார். துளை இல்லாத இடத்தில் கவசம் பொருத்துங்கள் என்கிறார். எஞ்சினில் அடி வாங்கிய விமானங்கள் திரும்பி வரவில்லை. அதனால்தான் வந்தவற்றின் எஞ்சின்களில் துளை இல்லை. இக்கதையோடு, சிவப்புப் புள்ளிகள் இட்ட ஒரு விமானப் படமும் உலவுகிறது. மேலாண்மை வகுப்புகளிலும் முதலீட்டு ஆலோசனைகளிலும் அதைக் காணலாம்.

அந்தப் படம் வால்ட் வரைந்ததன்று. பல பத்தாண்டுகள் கழித்து யாரோ விளக்கத்துக்காக வரைந்தது. தளபதிகள் வாயடைத்து நின்ற காட்சிக்கும் வால்டின் எழுத்தில் இடமில்லை. அவர் 1943இல் எழுதியவை எட்டுக் குறிப்பாணைகள். அவற்றில் தளபதிகளும் இல்லை, வாக்குவாதமும் இல்லை, சமன்பாடுகளே இருக்கின்றன. ஆயினும் கதையின் உட்கரு அவருடையதுதான். அந்த உட்கரு கதையைவிடக் கடினமானது என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும்.

வால்ட் 1902இல், அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கொலோஷ்வார் நகரில் (இன்று ருமேனியாவின் க்ளூஜ்) பக்தி மிகுந்த யூதக் குடும்பத்தில் பிறந்தார். சனிக்கிழமைகளிலும் பள்ளி நடந்தமையால் வீட்டிலேயே கல்வி கற்றார். வியன்னாவில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். யூதர் என்பதால் அங்கே பல்கலைக்கழகப் பதவி கிட்டவில்லை. 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவை விழுங்கியபோது அமெரிக்காவுக்குத் தப்பினார். பின்னால் விடப்பட்ட குடும்பத்தினரில் பெரும்பாலோர் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டனர். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் ஆய்வுக் குழு போர்க்காலத்தில் இராணுவத்துக்காகக் கணக்குப் போட்டது. ஆலன் வாலிஸ் தலைமையிலான அக்குழுவில் ஹரால்ட் ஹோட்டலிங், பின்னாளில் பொருளியலில் நோபல் பரிசு பெற்ற மில்டன் ஃப்ரீட்மன் போன்றோர் இருந்தனர். வால்டும் சேர்ந்தார். சட்டப்படி அவர் எதிரி நாட்டுப் பிரஜை, இரகசிய ஆவணங்களைப் படிக்க அனுமதியில்லாதவர். அதனால் அவர் ஒரு தாளை எழுதி முடித்ததும் அவரே அதைப் படித்துவிடாதபடி செயலாளர் பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்று குழுவினர் கேலி பேசுவதுண்டு.

குறிப்பாணையில் அவர் தரும் எடுத்துக்காட்டு, கற்பனை எண்களால் ஆனது. 400 விமானங்கள் போகின்றன, 380 திரும்புகின்றன. திரும்பியவற்றில் 320இல் ஒரு குண்டும் படவில்லை. 32இல் ஒரு குண்டு, 20இல் இரண்டு, 4இல் மூன்று, 2இல் நான்கு, இன்னொரு 2இல் ஐந்து. மிச்சம் 20 விமானங்கள் கடலிலோ காட்டிலோ கிடக்கின்றன. அவற்றில் எத்தனை குண்டு பட்டது, எங்கே பட்டது என்று சொல்ல ஆளில்லை. வந்தவற்றை மட்டும் எண்ணி, வராதவற்றுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்ல முடியுமா? இதுதான் வால்ட் தனக்கு வைத்துக்கொண்ட வினா. குண்டு படாத விமானம் விழாது, முன்பு பட்ட குண்டு அடுத்த குண்டின் விளைவை மாற்றாது என்று இரண்டு அனுமானங்களை வைத்துக்கொண்டு ஒரு சமன்பாட்டை எழுதி விடை காண்கிறார். ஒரு குண்டு பட்ட விமானம் அதைத் தாங்கிப் பறந்துவிடும் வாய்ப்பு, இந்த எண்களின்படி, நூற்றுக்கு 85. பிறகு விமானத்தைப் பகுதிகளாகப் பிரிக்கிறார். தரையிலிருந்து வரும் குண்டு எஞ்சினையோ இறக்கையையோ தேர்ந்தெடுத்துத் தாக்குவதில்லை, பரப்பளவுக்கேற்ப எங்கும் படும். அப்படியானால் திரும்பிய விமானங்களில் எந்தப் பகுதியில் எதிர்பார்த்ததைவிடத் துளை குறைகிறதோ, அந்தக் குறைவுதான் விழுந்தவற்றின் சாட்சியம்.

இக்குறிப்பாணைகள் நெடுங்காலம் அச்சேறாமல் உள்சுற்றில் மட்டும் இருந்தன. கொரியப் போரிலும் வியட்நாம் போரிலும் அமெரிக்கப் படைகள் இம்முறையைப் பயன்படுத்தின. 1980இல்தான் அவை மறுபடி வெளியிடப்பட்டன. அதன் பிறகு கதை வளர்ந்தது. எனக்கு இக்கதையின் மீது ஒரு மனக்குறை உண்டு. இதில் அறிவாளி சொல்கிறார், அதிகாரம் கேட்டுக்கொள்கிறது, விமானங்கள் பிழைக்கின்றன. வாராத அந்த 20 விமானங்களுக்குள் இருந்தவர்கள் கதையில் எங்கும் வருவதில்லை. அவர்களைக் காண வேண்டுமானால், அதே ஆண்டுகளில் அதே வினாவோடு மல்லுக்கட்டிய இன்னோர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அது இங்கிலாந்தில், ஹை விக்கம் ஊருக்கு அருகே, பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படைத் தலைமையகத்தில் இருந்தது. அங்கேயும் கணக்கு தெரிந்தவர்கள் இருந்தார்கள். அங்கே நடந்த கதைக்கு இத்தனை அழகான முடிவு இல்லை.

அந்தப் படை ஏன் அத்தனை பெரிதாக வளர்ந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1940இல் பிரான்ஸ் வீழ்ந்தபின் ஜெர்மனியைத் தாக்க பிரிட்டனுக்கு இருந்த நேரடி வழி வானம் மட்டுமே. பகலில் பறந்தால் சுட்டு வீழ்த்தப்பட்டார்கள். எனவே இரவில் பறந்தார்கள். இரவில் இலக்கு தெரியவில்லை. ஆனால் திரும்பி வந்த விமானிகள் இலக்கைத் தாக்கிவிட்டதாகவே அறிக்கை தந்தார்கள், நம்பியும் இருந்தார்கள். 1941 ஆகஸ்டில் பட் என்ற இளம் அரசு அலுவலர் விமானங்கள் எடுத்த அறுநூறுக்கும் மேற்பட்ட இரவுப் புகைப்படங்களை அமர்ந்து ஆராய்ந்தார். இலக்கைத் தாக்கியதாகச் சொன்னவற்றில் மூன்றில் ஒன்றுதான் இலக்குக்கு ஐந்து மைல் சுற்றளவுக்குள் வந்திருந்தது. புகையும் பனியும் மண்டிய ரூர் தொழிற்பகுதியில் பத்தில் ஒன்று. இதற்கு இரண்டு விடைகள் சாத்தியம். குண்டுவீச்சை நிறுத்துவது ஒன்று. குறி தவறாத அளவுக்கு இலக்கைப் பெரிதாக்குவது மற்றொன்று. 1942 பிப்ரவரியில் வந்த ஆணை இரண்டாவதைத் தேர்ந்தது. தொழிற்சாலைக்குப் பதிலாக நகரமே இலக்காயிற்று. அதே மாதம் ஆர்தர் ஹாரிஸ் தளபதியானார்.

ஹாரிஸின் படையில் முதன்மையானது லாங்காஸ்டர். நான்கு எஞ்சின், ஏழு பேர். விமானி, பறப்புப் பொறியாளர், வழி கணிப்பவர், குண்டு குறிபார்ப்பவர், கம்பியில்லாத் தந்தியாளர், முதுகுக் கூண்டில் ஒரு துப்பாக்கி வீரர், வால் கூண்டில் மற்றொருவர். வால் வீரர் எட்டு மணி நேரம் வரை உறைபனிக் குளிரில், மற்ற ஆறு பேரின் முகம் காணாமல், வந்த வழியைப் பார்த்தபடி அமர்ந்திருப்பார். இவர்கள் அனைவரும் தாமாக முன்வந்தவர்கள். பெரும்பாலோர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, போலந்து நாட்டவரும் மிகுதி. முப்பது பறப்புகளை முடித்தால் ஒரு சுற்று முடியும், பின்னர் சில மாத ஓய்வு.

முப்பது என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஒரு பறப்பில் நூற்றுக்கு நான்கு விமானங்கள் விழுகின்றன என்று கொள்வோம். அது அன்றைய தலைமையகம் சகித்துக்கொண்ட அளவுதான். தாளில் சிறிய இழப்பு. ஆனால் 0.96ஐ முப்பது முறை பெருக்கினால் 0.29 வரும். நூற்றில் 29 பேர் முடிப்பார்கள். இழப்பு ஐந்தாக உயர்ந்தால் 21 பேர். 1944 மார்ச் 30 இரவில் நியூரம்பர்க் நகருக்குப் போன 795 விமானங்களில் 95 திரும்பவில்லை. அந்த ஓரிரவில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1940இல் நான்கு மாதம் நடந்த பிரிட்டன் வான்போரில் உயிரிழந்த பிரிட்டிஷ் தரப்பு விமானப்படையினர் 544 பேர். சர்ச்சிலின் புகழ்மிக்க உரையால் அவர்களை உலகம் அறியும். நியூரம்பர்க் இரவைப் பற்றி அப்படி எவரும் உரை ஆற்றவில்லை. போர் முடிந்தபோது ஏறத்தாழ 1,25,000 பேர் பறந்திருந்தனர், அவர்களில் 55,573 பேர் இறந்திருந்தனர்.

பகலில் பறந்த அமெரிக்கர்களின் நிலையும் வேறல்ல. 1943 அக்டோபர் 14 அன்று ஷ்வைன்ஃபர்ட் உருளைத்தாங்கித் தொழிற்சாலைகளைத் தாக்கச் சென்ற 291 விமானங்களில் 60 விழுந்தன. அவர்களுக்குச் சுற்று என்பது 25 பறப்புகள், பின்னர் அது கூட்டப்பட்டது. மத்தியதரைக்கடல் பகுதியில் குண்டு குறிபார்ப்பவராக 60 முறை பறந்த ஜோசப் ஹெல்லர், இந்த எண் உயர்ந்துகொண்டே போவதை வைத்து 1961இல் ஒரு நாவல் எழுதினார் என்பதை வாசகர்கள் அறிந்திருப்பார்கள். அதைப் படித்துச் சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்த எண்ணின் பெருக்கலைப் போட்டுப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணுவதுண்டு.

1943 ஜூலை 25 அன்று ஹை விக்கம் அலுவலகத்தில் ஒரு பத்தொன்பது வயதுக் கேம்பிரிட்ஜ் மாணவர் வேலைக்குச் சேர்ந்தார். பெயர் ஃப்ரீமன் டைசன். பின்னாளில் புகழ்பெற்ற இயற்பியலாளர். 2020இல் மறைந்தார். அவர் சேர்ந்தபோது ஹாம்பர்க் நகரின் மீதான தாக்குதல் தொடங்கிவிட்டிருந்தது. ஜெர்மன் ராடாரைக் குருடாக்கும் உலோகத் தாள் துணுக்குகள் முதன்முறையாக வீசப்பட்டது அதற்கு முந்தைய இரவில்தான். அவர் பணியாற்றிய செயல்முறை ஆய்வுப் பிரிவில் அவருக்கு நேர் மேலே இருந்தவர் ரூபன் ஸ்மீட். இந்த ஸ்மீட் போருக்குப் பின் சாலை விபத்துச் சாவுகளைப் பற்றிய ஆய்வில் பெயர் பெற்றவர். வாகனங்களுக்கும் சாவுகளுக்கும் உள்ள உறவைச் சொல்லும் ஒரு விதி அவர் பெயராலேயே வழங்குகிறது. அவருடைய போர்க்காலக் கணக்கும் அதே வகைதான். இரவில் விளக்கின்றி நெருக்கமாகப் பறக்கும் நூற்றுக்கணக்கான விமானங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளுமே என்று விமானிகள் அஞ்சினர். மோதலில் சாகிறவர்களைவிட எதிரியின் சண்டை விமானங்களால் சாகிறவர்கள் பல மடங்கு அதிகம், நெருக்கத்தைக் கூட்டினால் மொத்தச் சாவு குறையும் என்றார் ஸ்மீட். கணக்கு சரிதான். மோதி இறந்தவர்களின் பெயர்களை மட்டும் அது சொல்லாது.

டைசனுக்குத் தரப்பட்ட பணிகளில் ஒன்று, அனுபவத்தால் விமானிகள் பிழைக்கிறார்களா என்று பார்ப்பது. புதிய குழுவினருக்கு முகாமில் முதலில் சொல்லப்படுவது இதுதான்: முதல் சில பறப்புகள்தான் ஆபத்து, அவற்றைக் கடந்துவிட்டால் கற்றுக்கொள்வீர்கள், கற்றுக்கொண்டவர் பிழைப்பார். எல்லாரும் இதை நம்பினார்கள். 1942ஆம் ஆண்டின் புள்ளிவிவரங்களில் அதற்கு ஆதாரமும் இருந்தது. டைசன் புதிய விவரங்களை எடுத்துச் சரிபார்த்தார். 1942இல் இருந்த அந்தத் தொடர்பு 1944இல் மறைந்துபோயிருந்தது. இருபத்தைந்தாவது பறப்பில் இருப்பவரும் முதல் பறப்பில் இருப்பவரும் ஒரே விகிதத்தில் விழுந்துகொண்டிருந்தார்கள். திறமையும் விழிப்பும் பயிற்சியும் எவரையும் காக்கவில்லை.

இந்த முடிவு மேலிடத்தில் விரும்பப்படவில்லை. விமானிகளுக்குச் சொல்லப்படவும் இல்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்பது எளிய வினாவன்று. கற்றால் பிழைக்கலாம் என்ற நம்பிக்கையை எடுத்துவிட்டால் அவர்களிடம் மிஞ்சுவது என்ன? சகுனம்தான். அதுவும் அவர்களிடம் ஏராளமாக இருந்தது. புறப்படும் முன் வால் சக்கரத்தில் சிறுநீர் கழிப்பார்கள். பொம்மையையோ காதலியின் கழுத்துத்துணியையோ மறக்காமல் எடுத்துச் செல்வார்கள். நரம்பு தளர்ந்து இனிப் பறக்க மாட்டேன் என்றவர்களின் ஏட்டில் மனவுறுதி இல்லாதவர் என்று எழுதி முகாமிலிருந்து வெளியேற்றினார்கள். அந்த இளைஞர் தளர்ந்தது கோழைத்தனத்தாலா, கணக்கை மற்றவர்களைவிட முன்னதாகப் போட்டுவிட்டதாலா என்று அந்த ஏடு பகுத்துப் பார்க்கவில்லை.

ஆனால் டைசனின் முடிவில் இன்னொன்றும் இருந்தது. அதை அவரும் உடனே காணவில்லை. பின்னாளில் எழுதியபோது தன் பிரிவின் பெருந்தோல்வியாக அவர் இதையே சொன்னார். அனுபவம் பயனற்றுப்போகிறது என்றால், அனுபவத்தால் கண்டுகொள்ள முடியாத ஏதோ ஒன்று கொன்றுகொண்டிருக்கிறது என்று பொருள். அதைப் பார்த்தவர் எவரும் திரும்பி வருவதில்லை என்று பொருள்.

உண்மையில் அப்படித்தான் இருந்தது. 1943 கோடை முதல் ஜெர்மன் இரவுச் சண்டை விமானங்கள் சிலவற்றில், விமானியின் முதுகுக்குப் பின்னால், மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்திய பீரங்கிகள் வந்தன. ஜாஸ் இசைக்கு வழங்கிய கொச்சைப் பெயரான ‘சாய்வு இசை’ என்பதையே அதற்கும் வைத்தார்கள். மெஸ்ஸர்ஷ்மிட் 110 ஒன்று லாங்காஸ்டருக்குக் கீழே நழுவி வந்து, அதே வேகத்தில் பறந்து, இறக்கையில் இரு எஞ்சின்களுக்கு இடைப்பட்ட எரிபொருள் தொட்டியைக் குறிபார்த்துச் சுடும். குண்டுகளுக்கு ஒளிக்கோடு இருக்காது. பெரும்பாலான லாங்காஸ்டர்களில் நேர் கீழே பார்க்கச் சன்னலும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. வால் கூண்டிலும் முதுகுக் கூண்டிலும் இருந்தவர்கள் எத்தனை விழிப்போடு இருட்டை உற்றுப் பார்த்தாலும் வயிற்றுக்குக் கீழ் பறப்பதைக் காண முடியாது. முதல் அறிகுறி, இறக்கை எரிவதுதான். முதல் பறப்பில் இருந்தவனும் முப்பதாவதில் இருந்தவனும் இதில் சமம்.

தப்பி வந்த மற்ற விமானங்களில் இருந்தவர்கள் ஒன்றைப் பார்த்தார்கள். திடீரென்று, சுடுபவர் எவரும் தென்படாமல், வானத்தில் ஒரு பெருந்தீப்பந்து வெடித்துச் சிதறும். அதற்கு அவர்களிடம் விளக்கம் இருந்தது. ஜெர்மானியர் நம் மனத்தைக் கலக்க, குண்டுவீச்சு விமானம் வெடிப்பதுபோலவே தோன்றும் வெற்றுவேட்டைச் சுடுகிறார்கள். அதற்குப் பெயர்கூட இருந்தது: சோளக்கொல்லைப் பொம்மை. முகாம்களில் அதிகாரிகளும் இவ்விளக்கத்தையே சொன்னார்கள். போர் முடிந்தபின் தெரிந்தது, ஜெர்மானியரிடம் அப்படியொரு வேட்டே இருந்ததில்லை. அவர்கள் பார்த்த ஒவ்வொரு பொம்மையும் ஏழு பேரோடு எரிந்த ஒரு விமானம். வான்போரைப் பற்றி நான் வாசித்தவற்றுள் இதைவிடத் துயரமானது வேறில்லை. திரும்பாதவர்களின் சாட்சியம் கண்ணெதிரே எரிந்திருக்கிறது. அதைச் சாட்சியமாக ஏற்றால் மறுநாள் இரவு விமானத்தில் ஏற முடியாது என்பதால் அதற்கு வேறு பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

கணக்கு தெரிந்தும் பயன்படாத இன்னொரு நிகழ்வு, தப்பும் வாயிலைப் பற்றியது. டைசனின் அலுவலகத் தோழர் மைக் ஓ’லாக்லின் என்பவர் சுடப்பட்ட விமானங்களிலிருந்து பாராசூட்டில் குதித்துப் பிழைத்தவர்களின் விகிதத்தைப் பார்த்தார். பகலில் பறந்த அமெரிக்க விமானங்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தப்பினர். இரவில் பறந்த ஹாலிஃபாக்ஸ், ஸ்டிர்லிங் விமானங்களில் நூற்றுக்கு 25. லாங்காஸ்டரில் 15தான். இருட்டையும் குழப்பத்தையும் காரணம் காட்டினால் அமெரிக்க விமானத்துக்கும் பிரிட்டிஷ் விமானத்துக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். ஒரே இரவில் ஒரே நகருக்குப் பறந்த ஹாலிஃபாக்ஸுக்கும் லாங்காஸ்டருக்கும் உள்ள வேறுபாடு விளங்காது. விடை, வாயிலின் அகலம். லாங்காஸ்டரின் முன்புறத் தப்பும் வாயில் 22 அங்குலம். கனத்த உடையும் பாராசூட்டும் அணிந்த ஆள், தலைகுப்புறச் சுழலும் விமானத்தில், அதில் நுழைய வேண்டும். இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாக இருந்திருந்தால் போதும் என்று ஓ’லாக்லின் வாதாடினார். கடிதப் போக்குவரத்து, குழுக்கூட்டம், தொழிற்சாலையின் தயக்கம் என இரண்டாண்டுகள் கழிந்தன. பெரிய வாயில் வந்தபோது போர் ஏறக்குறைய முடிந்திருந்தது. மொத்தம் 7,377 லாங்காஸ்டர்கள் கட்டப்பட்டன. மூவாயிரத்துக்கும் மேல் எதிரியிடம் இழக்கப்பட்டன.

ஸ்மீடும் டைசனும் வேறொன்றையும் சொன்னார்கள். துப்பாக்கிக் கூண்டுகளால் பயனில்லை, அவற்றைப் பெயர்த்தெடுத்தால் விமானத்தின் வேகம் மணிக்கு ஐம்பது மைல் கூடும், குழுவில் ஏழு பேருக்கு ஐந்து பேர் போதும், விழுந்தாலும் இரண்டு உயிர் மிச்சம். கணக்கின் கண்ணில் இதில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் தன்னைக் காத்துக்கொள்ளத் துப்பாக்கியில்லாத போர்விமானம் என்பதை எந்தத் தளபதியால் ஏற்க முடியும்? துப்பாக்கி வீரர் தன் குழுவைக் காக்கிறார் என்பது அக்குழுவை ஒன்றாகக் கட்டிய நம்பிக்கை. கூண்டுகள் இருந்தன. வாலில் அமர்ந்தவர்கள் அமர்ந்தபடியே இறந்தார்கள். வால்டின் கதையைச் சொல்பவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புள்ளிவிவரம் உண்மையைச் சொன்னவுடன் படைகள் திருந்தியதாக வரலாறு இல்லை.

இத்தனையும் விமானத்துக்குள் இருந்தவர்களைப் பற்றியது. கீழே இருந்தவர்களையும் எண்ண வேண்டும். டைசன் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் இரவு, ஹாம்பர்க்கில் தனித்தனித் தீக்கள் ஒன்றாகி நெருப்புப் புயலாயின. அந்த ஒரு வாரத்தில் அந்நகரில் இறந்தோர் முப்பத்தைந்தாயிரத்துக்கும் மேல். 1945 பிப்ரவரியில் டிரெஸ்டனில் ஏறத்தாழ 25,000 பேர். குண்டு வீசியவர்களும் குண்டுக்குக் கீழே இருந்தவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. இருபதாயிரம் அடி உயரத்திலிருந்து பார்த்தால் எரியும் நகரம் கரும்பட்டில் சிதறிய மணிகளைப்போல் இருந்திருக்கும். டைசன் தன் தன்வரலாற்றில், வசதியான அலுவலகத்தில் அமர்ந்து மக்களைத் திறம்படக் கொல்வது எப்படி என்று குறிப்பெழுதிய ஜெர்மானிய அதிகாரிகளோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்கிறார். அவர்கள் தண்டனை பெற்றார்கள், தான் பெறவில்லை என்பதே வேறுபாடு என்று எண்ணும் அளவுக்கு அவருடைய குற்றவுணர்வு இருந்தது. இந்த ஒப்பீடு முழுமையாகச் சரியென்று எனக்குப் படவில்லை. ஆஷ்விட்ஸில் குடும்பத்தை இழந்த வால்ட், அதை நிகழ்த்திய அரசை வீழ்த்தப் பறந்த விமானங்களுக்காகக் கணக்குப் போட்டார் என்பதையும் அருகில் வைத்துத்தான் இதைப் பார்க்க வேண்டும். ஆனால் ஹாம்பர்க்கில் எரிந்த குழந்தைகள் எந்த முகாமையும் நடத்தவில்லை.

போருக்குப் பின் வென்றவர்களுக்கே இந்த நினைவு சங்கடமாயிற்று. குண்டுவீச்சுப் படைக்கெனத் தனிப் போர்ப்பதக்கம் வழங்கப்படவில்லை. 2012இல்தான் லண்டன் கிரீன் பார்க்கில் நினைவகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு, பழைய பதக்க நாடாவில் செருகிக்கொள்ள ஒரு சிறு உலோகப் பட்டை தரப்பட்டது. வாங்கிக்கொள்ள வந்தவர்கள் தொண்ணூறை நெருங்கியவர்கள்.

ரன்னிமீட் குன்றில் உள்ள விமானப்படை நினைவகத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. எல்லாரும் பிரிட்டனிலிருந்தும் வடமேற்கு ஐரோப்பாவிலிருந்தும் பறந்து, கல்லறை இன்னதென்று அறியப்படாமல் போனவர்கள். நெதர்லாந்து அரசு 2019இல், தன் மண்ணிலும் நீரிலும் புதைந்துள்ள விமானங்களில் விமானிகளின் எச்சங்கள் இருக்கக்கூடியவற்றை மீட்டெடுக்க ஒரு திட்டம் தொடங்கியது. மறு ஆண்டு மார்க்கர்மேர் ஏரியின் சேற்றிலிருந்து ஸ்டிர்லிங் விமானம் ஒன்றின் சிதைவுகளை வாளி வாளியாக அள்ளி எடுத்துச் சலித்தார்கள். 1943 மார்ச் 29 இரவு பெர்லினுக்குப் புறப்பட்டு, ஏழு பேரோடு திரும்பி வருகையில் விழுந்தது அது. 2008இலேயே ஏரியில் அதன் துண்டுகள் கண்டெடுக்கப்பட்டிருந்தன. ஆனால் முதலில் அதை அவ்வாண்டு விழுந்த வேறொரு ஸ்டிர்லிங் என்றே கருதியிருந்தார்கள்.